இரண்டாவது கையெழுத்து

(தா.பழூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வயல் வேலையையும் வீட்டு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கீங்க, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். "கல்லூரி ஆபீஸ்ல ரெண்டாவது இடத்துல இருக்கிறவங்க எப்படி நல்ல பேர் எடுக்கிறது, அதைச் சொல்லுங்க" என்று செயலாளர் அம்மா கேட்டாங்க. நம்ம குழுக்களில் பலருடைய பெண்கள் டிகிரி முடித்துவிட்டு குரூப் 4 எழுதுறாங்க. இன்றைக்கு இளநிலை உதவியாளராகப் போகிற பிள்ளை, உதவியாளராகி, ஒரு நாள் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்காரும். அந்த நாற்காலியைப் பற்றித்தான் பேச்சு.

அரசு கல்லூரியில் தலைமை முதல்வர்தான். சம்பளப் பில் முதல் தபால் வரை கடைசிக் கையெழுத்து அவருடையது. ஆனால் அவர் வேதியியலோ வரலாறோ சொல்லிக் கொடுத்து வந்தவர். நிதி விதியும் பணி விதியும் அவர் வகுப்பில் நடத்திய பாடம் இல்லை. அதைப் படித்து வைத்திருக்க வேண்டியது கண்காணிப்பாளர். தனியார் கல்லூரியில் மேலாளர் என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

முதல்வர் சொன்னதற்கெல்லாம் "சரிங்க சார்" என்று தலையாட்டுவதுதான் இரண்டாவது ஆளின் வேலை என்று பலர் நினைக்கிறாங்க. நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். இப்போது அரசு அலுவலகங்களில் சம்பளப் பில் களஞ்சியம் என்ற இணைய முறையில் போகிறது. அதில் மூன்று படி. ஒருவர் பில்லைத் தயாரிப்பார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் ஒப்புதல் கொடுப்பார். நடுவில் ஒருவரை எதற்கு வைத்தார்கள்? தயாரித்தவர் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது, ஒப்புதல் கொடுப்பவருக்கு ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் இருக்காது. நடுவில் இருப்பவரும் பார்க்காமல் தள்ளிவிட்டால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இது உங்களுக்குப் புதுசு இல்லை. ஊராட்சிப் பணத்துக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. நம்ம குழு வங்கிக் கணக்கிலும் ஊக்குநர் ஒருவரே பணம் எடுத்துவிட முடியாது, பிரதிநிதியும் கையெழுத்துப் போடணும். ஆனால் நடப்பது என்ன? வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் குழுக்கள் நமக்குத் தெரியாதா? இங்கேயே சிலர் சிரிக்கிறீங்க.

ஒரு சம்பவம் சொல்கிறோம். கல்லூரி பெயர் வேண்டாம். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் இணையத்தில் ஏறியது. எங்கள் அலுவலகத்தில் அந்தக் கடவுச்சொல் ஒரே ஒரு எழுத்தரிடம் இருந்தது. அந்தப் பெண் பிரசவ விடுப்பில் போயிட்டாங்க. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காத நாலு பிள்ளைகளின் தாள்கள் அவங்க மேசை டிராயரில் கிடந்தன. முதல்வர் கேட்டபோது "எல்லாம் ஏத்தியாச்சு சார்" என்று நாங்களே சொல்லிவிட்டோம். டிராயரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போய்த்தான் தெரிந்தது. நாலு பேரில் ஒரு பிள்ளையின் அம்மா சுய உதவிக் குழு உறுப்பினர். குழுவில் உள்கடன் வாங்கி விடுதிக்குக் கட்டியிருந்தாங்க. அதற்கு மாதாமாதம் வட்டியும் கட்டியிருந்தாங்க. அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "இன்னும் என்ன தாள் கொண்டாரணும்"னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் பழைய பழக்கத்துக்குத் திரும்பினோம். வெள்ளைக்காரர் காலத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வகுத்த அலுவலக முறை ஒன்று உண்டு. வருகிற கடிதத்துக்கெல்லாம் எண் போட்டு, அது எந்த எழுத்தரிடம் போனது, என்ன ஆனது என்று அவரவர் தன்பதிவேட்டில் எழுத வேண்டும். அரசுக் கடிதத்தில் மேலே ந.க.எண் என்று பார்த்திருப்பீங்களே, அது இந்த வழியில் வந்ததுதான். குறிப்பிட்ட நாளில் கண்காணிப்பாளர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பார்க்காமலே போடலாம், யாருக்கும் தெரியாது. டிராயரில் கிடக்கிற தாளுக்கு மட்டும் தெரியும். இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் விடுப்பில் போனால் சாவியும் நிலுவைப் பட்டியலும் மற்றவர் கைக்கு வந்தாகணும்.

முதல்வரிடம் எப்படிப் பேசுவது என்பது தனிப் பாடம். பத்துப் பேர் முன்னால் "இது தப்பு சார்" என்றால் அவர் தப்பை விடமாட்டார், நம்மைத்தான் விடுவார். கெட்ட செய்தியைக் காலையில், தனியாக, தாளோடு போய்ச் சொல்லணும். மாலை நாலரை மணிக்குக் கோப்பை நீட்டி "இன்னிக்கே கடைசி நாள் சார்" என்பது அவரைக் கண்ணைக் கட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வது மாதிரி. அதை ஒரு சாமர்த்தியம் என்று நினைக்கிறவர்களும் இருக்காங்க. எங்களுக்கு அது பிடிக்காது.

இரண்டாம் இடம் என்றால் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவர் ஆனாங்க. தலைவர் நாற்காலி இல்லை. தேவதாசி முறையை ஒழிக்கணும் என்று சபையில் அவங்க பேசியது அந்தத் துணை நாற்காலியில் இருந்தபோதுதான். 1930-ல் காந்தி கைதானதும் பதவியையே விட்டுட்டாங்க. சட்டம் நிறைவேற 1947 வரை ஆனது.

கடைசியாக, போன கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்ட கேள்விக்கு வருகிறோம். "எல்லாம் சரிங்க, மேல இருக்கிறவங்க தெரிஞ்சே தப்பு செய்யச் சொன்னா?" அலுவலகத்தில் இதற்கு ஒரு வழி உண்டு, அதன் பெயர் குறிப்பு. ஒவ்வொரு கோப்பிலும் எழுத்தர் விவரம் எழுதுவார். அதன் கீழே நாங்கள், இன்ன விதிப்படி இதைச் செய்ய இடமில்லை என்று நாலு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவோம். அதற்குக் கீழேதான் முதல்வர் தன் முடிவை எழுத வேண்டும். எங்கள் நாலு வரியைப் படித்துவிட்டு, தாண்டி எழுதியவர்கள் குறைவு. அப்படி எழுதினாலும் அது அவர் கையெழுத்து. உங்க தீர்மான நோட்டிலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கு. அடுத்த கூட்டத்தில் ஒத்துக்கொள்ளாத பிரதிநிதி யாராவது இருந்தா, காரணத்தை அதில் எழுதச் சொல்லுங்க. எழுத வராதவங்க சொல்லட்டும், பக்கத்தில் இருக்கிறவங்க எழுதட்டும்.