கணிப்பொறித் திரையில் சிக்குக் கோலம்



வாசலில் அரிசிமாவால் இடும் சிக்குக் கோலத்தைக் கணிப்பொறியில் வரைவது எங்ஙனம் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். இம்முயற்சி முற்றிலும் புதியதன்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடனாய்வாளர்களும் கோலத்தை ஒரு மொழியாகக் கருதி, அதற்கு இலக்கணம் வகுத்து 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

போட்டோஷாப் 1994ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் பெற்ற அடுக்கு வசதி நமக்குப் பெருந்துணை. புள்ளிகளை ஓர் அடுக்கிலும் கோட்டை மற்றோர் அடுக்கிலும் இடுக. கால் பகுதியை மட்டும் வரைந்து, நகலெடுத்து, கோலத்தின் நடுவை அச்சாகக் கொண்டு 90 பாகை வீதம் மும்முறை சுழற்றினால் முழுக்கோலம் அமையும். கோட்டின் விளிம்பைச் சற்றே சிதறவிட்டால் மாவின் தோற்றம் வாய்க்கும்.

ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. கால் பகுதிகள் செம்மையாகப் பொருந்தினும், ஒரே இழையாக ஓடவேண்டிய கோலம் இரண்டு மூன்று தனி வளையங்களாகப் பிரிந்துவிடலாம். கண் அதனை எளிதில் காணாது. ஆகவே ஓரிடத்தில் தொடங்கி, சந்திப்புகளில் திரும்பாது நேரே சென்று, சுட்டியால் கோட்டைத் தொடர்க. எப்பகுதியும் எஞ்சாமல் தொடங்கிய இடத்திற்கே மீண்டால், அது ஓரிழைக் கோலம்.

வாசலில் கோலமிடும் பெண்கள் இழையின் போக்கையே நினைவில் கொள்கின்றனர். நகலெடுக்கும் வசதியால் அந்நினைவு நம்மைவிட்டு அகன்றுவிடலாகாது. எனவே, இளைஞர்கள் முதலில் தரையில் கையால் இட்டுப் பழகி, பின்னர்த் திரைக்கு வருமாறு வேண்டி அமைகிறேன்.