குளமும் நீச்சற்குளமும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுவீதியிலே, மேற்கே கடலும் கிழக்கே வயலும் காடுமாக அமைந்த ஊர் வெள்ளாங்குளம். வன்னிப் பெருநிலத்தின் ஊர்ப்பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். வவுனிக்குளம், அக்கராயன்குளம், வெள்ளாங்குளம் எனக் குளத்தின் பெயரே ஊரின் பெயராக நிற்பதைக் காணலாம். குளம் இன்றேல் ஊரும் இல்லை என்பதை இப்பெயர்களே சொல்லிவிடுகின்றன. மாரியிலே பெய்யும் மழையைத் தேக்கி, வயலையும் கால்நடையையும் கிணற்றையும் காத்த நீர்நிலையையே நம் முன்னோர் குளம் என்றனர்.

இக்காலத்திலே அச்சொல் வேறொன்றுக்கும் பெயராகியிருக்கிறது. கடற்கரை ஓரத்திலே எழும் தொடர்மாடி விடுதிகளின் நடுவே, நீல ஓடு பதித்து, அடிவரை தெளிந்து தோன்றும் நீர்த்தொட்டி ஒன்று காணப்படும். அதற்கும் குளம் என்றே பெயர், நீச்சற்குளம். இவ்விரு குளங்களுக்கும் இடையேயுள்ள உறவு யாது? விடுமுறைக்குக் கடற்கரை நாடிச் செல்லும் குடும்பத்தாரும், அவர்களை வரவேற்கும் கரையோர ஊராரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

கடற்கரைக்குச் சென்று ஓய்வெடுத்தல் மேனாடுகளிலே முதலில் மருத்துவமாகவே தொடங்கியது. 1750ஆம் ஆண்டிலே றிச்சார்ட் றசல் என்னும் ஆங்கில மருத்துவர், கடல்நீர் சில நோய்களைத் தீர்க்கும் என்று நூல் எழுதினார். அவரை நாடிப் பிரைற்றன் என்னும் கரையோர ஊருக்குச் செல்வர்கள் திரண்டனர். நோயாளிகளுக்குரியதாக இருந்த கடற்கரை நாளடைவிலே செல்வர்களின் உல்லாசத்துக்குரியதாயிற்று. உழைப்பாளரின் குடும்பங்களுக்கு அது கிட்டுவதற்கு மேலும் நெடுங்காலம் செல்லவேண்டியிருந்தது. 1936ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுத் தொழிலாளருக்கு ஆண்டுக்கு 2 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டத்தினால் உறுதியாயிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்கெக்னெஸ் கரையிலே, நடுத்தரக் குடும்பங்களும் தங்கக்கூடிய விடுமுறை முகாம் ஒன்றை பில்லி பட்லின் என்பவர் திறந்தார். கடல் அருகே இருக்கவும், அம்முகாமிலே நீச்சற்குளமும் அமைக்கப்பட்டது.

இலங்கையிலே 1966ஆம் ஆண்டு உல்லாசப் பயணச் சபை நிறுவப்பெற்றது. தென்மேற்குக் கரையிலே பெந்தோட்டை, திட்டமிட்டு வளர்த்த கடற்கரை விடுமுறைத் தலமாயிற்று. கிழக்கே நிலாவெளியும் பாசிக்குடாவும் பெயர்பெற்றன. 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின்னர் பாசிக்குடாக் கரையிலே புதிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. வெள்ளாங்குளமோ இத்தகைய மாளிகைகளால் பெயர்பெற்ற இடமன்று. நெல்லும் மீனும் கொண்டு வாழும் நாட்டுப்புறம் அது. ஆயினும் கரையோரம் எதுவும் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வருவதை எதிர்நோக்கி முன்னரே எண்ணுதல் அறிவுடைமையாகும்.

குடும்பங்கள் தொடர்மாடி விடுதியை விரும்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அங்கே இரண்டு மூன்று அறைகளுடன் ஒரு சமையலறையும் இருக்கும். பாட்டியார் தமக்கு ஒத்த கஞ்சியைக் காய்ச்சிக்கொள்ளலாம். குழந்தை தூங்கும் வேளையிலே தூங்கலாம். தந்தையார் மீன்சந்தைக்குச் சென்று அன்று பிடித்த மீனை வாங்கி வரலாம். ஆண்டு முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் ஆற அமரப் பார்க்க நேரமில்லாத குடும்பம், அந்த ஒரு கிழமையிலே ஒன்றாக அமர்ந்து உண்கிறது. இதனை வீண்செலவு என்று தள்ளிவிட இயலாது.

கடல் அருகே இருக்கக் குளம் எதற்கு என்று சிலர் நகைப்பர். பிள்ளைகளைப் பெற்ற தாய் நகைக்கமாட்டாள். கடலிலே நீரோட்டம் உண்டு. பருவக்காற்று வீசும் மாதங்களிலே அலை உண்டு. கால் வைக்கும் இடமெல்லாம் ஆழம் ஒன்றாயிராது. நீச்சற்குளத்திலோ ஆழம் இவ்வளவென்று சுவரிலே எழுதியிருக்கும். 2021ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் நீரில் மூழ்கி மாண்டனர் என்றும், அவர்களுள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டின் அறிக்கையிலே கூறியுள்ளது. நீந்தக் கற்றல் விளையாட்டு மாத்திரமன்று. அஃது உயிர் காக்கும் கல்வி. அக்கல்வியைத் தொடங்குவதற்கு, அலையில்லாத, ஆழம் அறிந்த நீர் மிகவும் ஏற்றது. அங்கும் பெரியவர் ஒருவரின் கண் பிள்ளைகள்மேல் இருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நீச்சற்குளம் வேண்டாப் பொருளன்று. அதை நிரப்பும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதே வினா.

மன்னார்க் கரை இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலுமே பெய்துவிடும். பின்னர் நீண்ட கோடை. கரையோர மணலிலே கிணறு தோண்டினால் நன்னீர் கிடைப்பது உண்மையே. ஆனால் அந்நன்னீர், கீழே பரவிக் கிடக்கும் உவர்நீரின்மேல், பாரங் குறைந்த காரணத்தால் மிதந்து நிற்கும் ஒரு படலமே ஆகும். 1888ஆம் ஆண்டை ஒட்டி ஒல்லாந்தரான பாடன் கைபன் என்பவரும், 1901ஆம் ஆண்டில் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இதன் கணக்கை விளக்கினர். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமானால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே நிற்கும் நீரை 1 அடி குறைத்துவிட்டாலோ, காலப்போக்கிலே கீழிருக்கும் உவர்நீர் 40 அடி எழும்பக்கூடும். பம்பி வைத்து ஓரிடத்திலே மிகுதியாக இறைத்தால் அயலவர் கிணறும் உவர்ப்பது இதனாலேயே. ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும்.

இனி, நீச்சற்குளத்தின் கணக்கைப் பார்ப்போம். 25 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம் எனக் கொண்டால், அது 3 இலட்சத்து 75 ஆயிரம் லீற்றர் நீர் கொள்ளும். ஐவர் கொண்ட வீட்டுக்கு, ஆளுக்கு 100 லீற்றராக ஒரு நாளைக்கு 500 லீற்றர் வேண்டும். அக்கணக்கிலே அந்நீர் 750 நாளைக்கு, அதாவது 2 ஆண்டுகளுக்கு மேல், அவ்வீட்டுக்குப் போதும். இந்நீரை நாள்தோறும் மாற்றுவதில்லை. மணல்வடி வழியே சுற்றவிட்டு, குளோரின் இட்டுத் தூய்மை செய்வர். ஆயினும் வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 1,250 லீற்றர் போய்விடும். 300 நாளிலே ஒரு குளம் நிறைந்த நீர் வானுக்குச் சென்றிருக்கும்.

இத்தகைய நெருக்கடியை ஸ்பெயின் நாட்டின் பெனிடோர்ம் நகரம் கண்கூடாக அனுபவித்தது. மீன்பிடி ஊராக இருந்த அவ்விடம், 1950களின் பின்னர் வானளாவிய விடுதிகளும் நீச்சற்குளங்களும் நிறைந்த நகரமாயிற்று. 1978ஆம் ஆண்டின் வறட்சியிலே அந்நகருக்குக் கப்பலிலே நன்னீர் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது. அங்குள்ள நகரங்களும் உழவர்களும் நீருக்கென ஒரு கூட்டமைப்பின்கீழ் இணைந்து உடன்பாடு செய்துகொண்டனர். உழவர் தம் நன்னீரின் ஒரு பகுதியை நகருக்கு விட்டுக்கொடுப்பர். நகரம் தான் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துத் தோட்டங்களுக்கு அனுப்புவதோடு இழப்பீடும் கொடுக்கும். இரு சாராரும் வாழ வழி பிறந்தது.

இது வன்னி மக்களுக்குப் புதிய நீதியன்று. சிறுபோகம் தொடங்குமுன் கமக்காரர் கூட்டங் கூடுவர். குளத்திலே இருக்கும் நீரின் அளவைப் பார்த்து, இம்முறை இத்தனை ஏக்கர் மாத்திரமே விதைப்பது என்று முடிவு செய்வர். நீர் குறைந்தால் எல்லார்க்கும் குறையும்; ஒருவர் வயல் மாத்திரம் நிறைய விளைவதில்லை. போரினால் இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டின் பின்னர் ஊர் திரும்பி, அழிந்த வாழ்வை மீளக் கட்டியெழுப்பிய மக்கள் இம்முறையினை இன்னும் கைவிடவில்லை. அவர்களது கூட்டத்திலே, வருங்கால நீச்சற்குளத்துக்கும் ஓர் இருக்கை போடவேண்டும். அதாவது, கரையோரத்திலே விடுதி எழுப்ப விரும்புவோர், எவ்வளவு நீர், எந்தக் கிணற்றிலிருந்து, எந்த மாதத்திலே எடுப்பர் என்பதை ஊரார் முன்னிலையிலே கூறி ஒப்பம் பெறவேண்டும்.

இதற்கு வழியும் உண்டு. விடுதியின் கூரை 1,000 சதுர மீற்றர் எனக் கொள்வோம். ஆண்டு மழையை 900 மில்லிமீற்றர் எனக் குறைத்தே மதித்தாலும், அக்கூரையின்மேல் 9 இலட்சம் லீற்றர் நீர் விழும். காற்பங்கு வீணானாலும் எஞ்சுவது 6 இலட்சத்து 75 ஆயிரம் லீற்றர். மாரியிலே குளத்தை நிரப்பி, மிகுதியை நிலத்தடித் தொட்டியிலே சேர்த்து வைத்தால், கோடையில் ஆவியாவதையும் அதனாலேயே ஈடுசெய்யலாம். கிணற்றிலே கை வைக்க வேண்டியதில்லை. மழைநீரால் நிறைவது என்னும் பழைய பொருளிலே நீச்சற்குளமும் அப்பொழுது குளம் ஆகிவிடும்.

ஊருக்கு விடுதி செய்யக்கூடிய கைம்மாறு இன்னொன்றும் உண்டு. கடலுக்கும் குளத்துக்கும் அருகிலே வாழும் பிள்ளைகள் எல்லோரும் முறையாக நீந்தக் கற்றவர்களல்லர். விருந்தினர் குறைந்த மாதங்களிலே, கிழமைக்கு இரண்டு காலைப்பொழுது நீச்சற்குளத்தை அயற் பாடசாலை மாணவருக்குத் திறந்துவிட்டு, பயிற்றப்பட்ட ஒருவரைக் கொண்டு நீந்தக் கற்பித்தால், அதனால் விடுதிக்கு வரும் நட்டம் சிறிது. ஊருக்கு வரும் நன்மையோ பெரிது. தந்தையோடு வள்ளத்திலே செல்லும் சிறுவனும், குளக்கட்டிலே மாடு மேய்க்கும் சிறுமியும் அக்கல்வியைப் பெறவேண்டும். நீரைக் கொடுக்கும் ஊர், நீரிலே உயிர் காக்கும் வித்தையைத் திரும்பப் பெறுதல் நேரிய பண்டமாற்று அல்லவா?

விடுமுறைக்குச் செல்லும் குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. அறையின் வாடகை எவ்வளவு, கடல் எத்தனை அடி தூரம் என்று கேட்பதோடு, குளத்து நீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே செல்கிறது என்று இரண்டு வினாக்களைக் கூட்டிக் கேட்கலாம். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு விடுதியார் விடை தேடியே தீர்வர். பிள்ளைகளும் அக்கேள்வியைக் காதினாற் கேட்கட்டும். நீலக் குளத்திலே நீந்தி மகிழ்ந்த பின்னர், மாலையிலே அவர்களை அழைத்துச் சென்று ஊர்க்குளத்தின் அணைக்கட்டிலே சிறிது நேரம் நடக்கவிடுங்கள். மதகு எங்கே, வாய்க்கால் எங்கே, நீர் எந்த வயலுக்குப் போகிறது என்று காட்டுங்கள். தாம் நீந்திய நீருக்கும் தாம் உண்ட சோற்றுக்கும் வந்த வழி ஒன்றே என்பதை அவர்கள் அங்கே கண்டுகொள்வார்கள்.