பேர் வெட்டுமுன் கண்ணைக் காட்டுங்கள்



ஈ.டி.எப். என்றால் கடைசியில் கைக்கு வரும் காசு என்றுதான் நினைக்கிறோம். தோட்டம் நம் பேரில் மாதம் 3 சதவீதம் கட்டும் அந்த நிதியத்தில் கண் லென்ஸ், இருதய ஆபரேஷன், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் உதவி உண்டு. ஆனால் வேலையில் இருக்கும்வரைதான். செக்ரோலில் பேர் வெட்டினால் அதுவும் போச்சு. புரை விழுந்த கண்ணோடு பேர் வெட்டாதீர்கள். முதலில் கிளினிக் போங்கள்.

ஏற்கெனவே வெட்டியவர்களுக்கு? அரசாங்க ஆஸ்பத்திரி வார்டு இலவசம். வெளியே வாங்கும் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் சேவைக்காலப் பணம்தான். (அதை அப்படியே பிள்ளை கல்யாணத்துக்குக் கொடுத்துவிடுகிறோம், அது வேறு கதை.) ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், 30 நாளுக்குள் தரவேண்டும். தராவிட்டால் தொழில் காரியாலயத்துக்குக் கடிதம் நான் எழுதித் தருகிறேன்.