ஜப்பான் மொழி படிக்கத் தொடங்கிய எங்கள் அனுபவம்
(தோட்டச் சமூக மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரை)

ஜப்பான் மொழி படிக்கிற பிள்ளைகள் சார்பில் கொஞ்ச நேரம் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். வாசிப்பவர் ஒருவர்தான் என்றாலும் இது நாங்கள் ஒன்பது பேரும் கூடி உட்கார்ந்து எழுதியது.

பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் எங்கள் அம்மாமாரிடம் இப்போது ஒரு கேள்விதான் கேட்கப்படுகிறது. "ஓம் புள்ள ஆறு மாசமா ஜப்பான் பாஷை படிக்குதே, எப்பப் போகுது?" அம்மாமார் வீட்டுக்கு வந்து அதையே எங்களிடம் கேட்கிறார்கள். நாங்கள் பதினான்கு பேராகத் தொடங்கினோம். நின்றுபோன ஐந்து பேரில் ஒருவர்கூட மொழி கஷ்டம் என்று நிற்கவில்லை. ஒருத்தி கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். மற்ற நான்கு பேரையும் "இன்னும் விசா வரலையே, பஸ் காசுதான் வீண்" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இந்த மொழி எப்படிப்பட்டது, எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை உங்களுக்கு முன்னால் விளக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தோம்.

முதல் நாள் வகுப்புக்குப் போகும்போது எங்களுக்கும் பயம்தான். இங்கிலீசே ஒழுங்காக வராத நமக்கு ஜப்பான் மொழி எப்படி வரும் என்று நினைத்தோம். போன பிறகுதான் தெரிந்தது, அதற்கு இங்கிலீஷ் ஒரு வாசல்படியே அல்ல. தமிழ் தெரிந்தவனுக்கு அங்கே பாதி வேலை முடிந்திருக்கிறது.

எப்படி என்றால், "நான் தேத்தண்ணி குடிக்கிறேன்" என்பதை அவர்கள் "வத்தஷி வா ஒச்சா ஓ நொமிமஸ்" என்கிறார்கள். வத்தஷி என்றால் நான். ஒச்சா என்றால் தேத்தண்ணி. நொமிமஸ் என்றால் குடிக்கிறேன். வினை கடைசியில் வருகிறது, நாம் சொல்கிற அதே வரிசை. நடுவில் வருகிற அந்த "ஓ" நம்முடைய இரண்டாம் வேற்றுமை "ஐ" செய்கிற வேலையைச் செய்கிறது. "ஹட்டனுக்குப் போகிறேன்" என்றால் "ஹட்டன் நி இக்கிமஸ்". நாம் "கு" போடுகிற இடத்தில் அவர்களுக்கு "நி". பஸ்ஸில் என்பதற்கு "பஸு தெ". நானும் என்பதற்கு "வத்தஷி மோ". கேள்வி கேட்க வேண்டுமா, கடைசியில் "கா" சேர்த்தால் போதும். "இக்கிமஸ் கா?" என்றால் "போகிறீங்களா?". பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு, இன், அது என்று வேற்றுமை உருபுகளை ஒப்புவித்தது இப்படி ஒரு நாள் உதவும் என்று யார் கண்டது!

இதிலும் ஆச்சரியமானது ஒன்று உண்டு. "சாப்பிட்டுப் பார்க்கிறேன்" என்று நாம் சொல்கிறோம். கண்ணால் பார்ப்பதல்ல, ருசி எப்படி என்று தெரிந்துகொள்வது. ஜப்பான்காரரும் "தபெத்தெ மிமஸ்" என்கிறார்கள். தபெத்தெ என்றால் சாப்பிட்டு, மிமஸ் என்றால் பார்க்கிறேன். சொல்லுக்குச் சொல் அதே பேச்சு.

உறவுமுறையும் அப்படியே. இங்கிலீஷில் பிரதர் என்றால் அண்ணனா தம்பியா என்று தெரியாது. ஜப்பானில் அண்ணனுக்கு "அனி", தம்பிக்கு "ஒத்தோத்தோ", அக்காவுக்கு "அனெ", தங்கச்சிக்கு "இமோத்தோ". ஆனால் இவை தன் வீட்டு ஆட்களைப் பற்றி வெளியாளிடம் சொல்லும் சொற்கள். அடுத்தவரின் அண்ணனைப் பற்றிப் பேசும்போது மரியாதையாக "ஒனீசன்" என்று சொல்ல வேண்டும். அடுத்தவரின் பெயருக்குப் பின்னால் "சன்" போடலாம், தன் பெயருக்குப் போடக்கூடாது. பெரியவரிடம் "வா" என்று சொல்லாமல் "வாங்க" என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்த மரியாதைப் பேச்சின் அவசியம் புரியும். சொற்களைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

பிறகு சுட்டுச் சொற்கள். எனக்குப் பக்கத்தில் இருப்பது "கொரே", உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது "சொரே", இரண்டு பேருக்கும் தூரத்தில் இருப்பது "அரே". நாம் இது, அது என்று இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்து ஆட்களிடம் "உது" என்று நடுவில் ஒன்று உண்டு. சிங்களத்திலும் "மேக", "ஓக" என்று தனித்தனியாக உண்டு. எங்கள் ஆசிரியர் சிங்களத்தில் பாடம் நடத்துகிறவர். அவர் "ஓக" என்று சொன்னதும் விளங்கிவிட்டது. "எது?" என்பதற்கு ஜப்பானில் "தொரே". அதைக் கேட்டதும் எங்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தொரை பங்களாவை விட்டுத் தப்பி வந்தால் இங்கேயும் தொரேயா!

தமிழும் ஜப்பான் மொழியும் ஒரே வேரில் வந்தவை என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் பல வருஷம் எழுதினார். 2008 இல் அவர் காலமானார். மொழி ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சிங்களத்திலும் வாக்கிய ஒழுங்கு இப்படித்தான் இருக்கிறது, அதனால் இதை வைத்து உறவு கொண்டாட வேண்டியதில்லை. படிக்க வசதியாக இருக்கிறது, எங்களுக்கு அது போதும்.

இனி எழுத்துக்கு வருவோம். கஷ்டம் அங்கேதான். அவர்களிடம் மூன்று வகை எழுத்து. ஹிரகானா 46, கத்தகானா 46. இந்த இரண்டும் ஒலியை எழுதுவதற்கு. ஒழுங்கு நமக்குப் பழக்கமானதுதான்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்முடைய அரிச்சுவடியில் த, ந, ப, ம என்று வருகிற இடத்தில் அவர்களுக்கு "ஹ" வருகிறது. பழங்காலத்தில் அந்த "ஹ" வரிசையும் "ப" வாகத்தான் இருந்ததாம். வடமொழி எழுத்தைக் கற்ற பௌத்த துறவிகள் மூலம் அந்த ஒழுங்கு அங்கே போயிருக்கிறது.

ஜப்பான் சொற்களைக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பது முதல் வாரத்துக்கு மட்டும் சரி. "தென்கி" என்று எழுதினால் அது வெயில் மழையைச் சொல்கிற காலநிலையாகவும் இருக்கலாம், கரண்டாகவும் இருக்கலாம். நம்முடைய "த" வும் "க" வும் மெல்லவும் ஒலிக்கும், வன்மையாகவும் ஒலிக்கும். ஜப்பானில் இரண்டும் வேறு வேறு, எழுத்தின் தலையில் இரண்டு சின்னக் கோடு போட்டு வித்தியாசம் காட்டுவார்கள். எழுத்தைப் பொறுத்தவரை சிங்களப் பிள்ளைகளுக்கு நம்மைவிடக் கொஞ்சம் சுலபம். ஆனால் குறில் நெடிலும் ஒற்றெழுத்தும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. "ஒபசன்" என்றால் மாமி, அத்தை. "ஒபாசன்" என்றால் பாட்டி. ஒரு நெடிலில் வயது ஏறிவிடுகிறது, கவனம்!

கத்தகானா பிற நாட்டுச் சொற்களை எழுதுகிற எழுத்து. அதைப் படித்து முடித்த வாரம் ஆசிரியர் ஒரு ஜப்பானியத் தேயிலைப் பக்கற்றைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார். எழுத்துக் கூட்டி வாசித்தோம். உ... பா. ஊவா! அவர்களுக்கு "வ" சரியாக வராது, அதனால் "உபா". ஜப்பானில் டார்ஜிலிங், சீனாவின் கீமுன், நம் ஊவா மூன்றையும் உலகத்தின் மூன்று பெரிய தேயிலை என்று சொல்வார்கள். டிம்புள்ளவும் நுவரெலியாவும்கூட அங்கே பக்கற்றில் எழுதி விற்கிற பெயர்கள்தான். நம் அம்மாமார் பறித்த கொழுந்தின் பெயரைக் கடலுக்கு அப்பாலுள்ளவர்களின் எழுத்தில் நாங்களே வாசித்த அன்று, வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மூன்றாவது வகை கஞ்சி. குடிக்கிற கஞ்சி அல்ல, சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்து. பொதுப் பாவனைக்கென்று அரசாங்கம் வைத்திருக்கிற பட்டியலில் மட்டும் 2136 இருக்கிறது. பலவற்றுக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு வேறு. மலைக்கு "யமா". அதே எழுத்து ஃபுஜி மலையின் பெயரில் "சன்" ஆகிவிடும். மரத்துக்கு ஓர் எழுத்து, அதை இரண்டு தரம் எழுதினால் தோப்பு, மூன்று தரம் எழுதினால் காடு. இப்படிக் கதை சொல்லித்தான் மனதில் வைக்கிறோம். தேயிலைக்கு ஓர் எழுத்து உண்டு. மேலே புல், கீழே மரம் போல. அதைப் பிரித்துப் பார்த்தால் மேலே இரண்டு பத்து, கீழே 88, கூட்டினால் 108. அதனால் 108 வயதுப் பிறந்தநாளை அவர்கள் தேயிலை வயது என்று கொண்டாடுகிறார்கள். நாம் கறுப்புத் தேயிலை என்பதை அவர்கள் சிவப்புத் தேயிலை என்கிறார்கள். கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி என்று எங்களுக்குப் படுகிறது.

சரி, எப்பப் போவது என்ற கேள்விக்கு வருகிறோம். ஜப்பானில் 100 பேரில் 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அவர்களைப் பராமரிக்க ஆள் வேண்டும். 2019 இல் இலங்கையும் ஜப்பானும் இதற்கு ஓர் உடன்படிக்கை செய்தன. அந்த வழியில் பராமரிப்பு வேலைக்குப் போக, மொழிப் பரீட்சையில் என் 4 தரமோ அதற்குச் சமமான கணினிப் பரீட்சையோ சித்தியடைய வேண்டும். தொழில் பரீட்சை ஒன்றும் பராமரிப்பு மொழிப் பரீட்சை ஒன்றும் அதற்கு மேல் உண்டு. முதல் வகை விசாவில் மொத்தம் ஐந்து வருஷம் வரை வேலை செய்யலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இதை மறைக்காமல் சொல்கிறோம், கல்யாணம் பேசுகிற வீடுகளும் இருக்கின்றன. பரீட்சையில் சித்தியடையாமலே அனுப்புகிறேன் என்று யாராவது லயத்துக்கு வந்து காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். உரிமம் உள்ள முகவரா என்று முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள்.

இனிக் கணக்கு. 2010 க்கு முன்பிருந்த பரீட்சையில், இன்றைய என் 4 க்குச் சமமான தரத்துக்குச் சுமார் 300 மணித்தியாலப் படிப்பு வேண்டும் என்று குறித்திருந்தார்கள். எங்கள் வகுப்பு சனி இரண்டு மணித்தியாலம், ஞாயிறு இரண்டு மணித்தியாலம். அதை மட்டும் நம்பினால் 75 வாரம், ஒன்றரை வருஷம். வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள் ஒரு மணித்தியாலம் படித்தால் 30 வாரத்தில் முடியும். ஆறு மாசத்தில் போகவில்லையே என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். வயதான ஒருவர் முனகும்போது "இதாய் தெஸ் கா", வலிக்கிறதா என்று கேட்டுவிடலாம். அவர் சொல்லும் பதில் நமக்கு விளங்க வேண்டும். அதற்குத்தான் அந்த 300 மணித்தியாலம்.

ஆகவே அம்மாமாரிடமும் அப்பாமாரிடமும் நாங்கள் கேட்பது பணம் அல்ல. இராத்திரி ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை டீவியை நிறுத்தி அந்தக் காம்பராவை எங்களுக்குத் தாருங்கள். தண்ணி எடுப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் அதற்கு முன்னாலோ பின்னாலோ செய்துவிடுகிறோம். பையன்கள் இருக்கிற வீட்டில் அவர்களும் ஒரு கை கொடுக்கலாம். நின்றுபோன நான்கு பேரின் கொப்பிகளும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. அவர்கள் வந்தால் விட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறோம்.

இந்த மண்டபத்தின் பின்சுவரில் 46 ஹிரகானா எழுத்தையும் ஒட்டியிருக்கிறோம். கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது வந்து பாருங்கள். கடைசியில் சிவப்பு மையில் தனியாக எழுதியிருப்பது தேயிலைக்குரிய எழுத்து.