ஐஸ்லாந்தின் 'நம்ம பையன்கள்'
(மும்பை தாராவியில் ஒரு தொடர்கல்வி மையத்தில், மாலை வகுப்புக்குப் பின் ஒரு தொண்டர் பேசியது)

அம்மாமார்களே, அக்காமார்களே, அண்ணன்மார்களே, கடைசி வரிசையில் நிற்கிற தம்பிகளே!

இன்றைக்கு ஒரு விளையாட்டைப் பற்றியும் ஒரு நாட்டைப் பற்றியும் பேசப் போகிறேன். விளையாட்டின் பெயர் ஹேண்ட்பால். நாட்டின் பெயர் ஐஸ்லாந்து.

ஹேண்ட்பாலைத் தமிழில் என்ன என்று சொல்வது? கைப்பந்து என்று சொன்னால் நீங்கள் வாலிபாலை நினைப்பீர்கள். எறிபந்து என்றால் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஆடும் த்ரோபால் ஞாபகம் வரும். அதனால் ஹேண்ட்பால் என்றே சொல்கிறேன். ஹைஸ்கூலில் நான் இரண்டு வருடம் ஆடிய ஆட்டம் இது. எங்களுக்குக் கோல்கம்பம் கிடையாது. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடுவோம்.

கால்பந்து எல்லோருக்கும் தெரியும். அதைக் கையால் ஆடினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் ஹேண்ட்பால். ஒரு பக்கம் 7 பேர். அதில் ஒருவர் கோல்கீப்பர். மைதானத்தின் நீளம் 40 மீட்டர், அகலம் 20 மீட்டர். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிதான் எடுத்து வைக்கலாம். அப்புறம் தரையில் தட்ட வேண்டும், அல்லது கூட்டாளிக்குக் கொடுக்க வேண்டும், அல்லது கோலுக்கு எறிய வேண்டும். கோலுக்கு முன்னால் 6 மீட்டரில் வளைவாக ஒரு கோடு உண்டு. அதற்குள் கோல்கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எகிறிக் குதித்து, கால் தரையைத் தொடும் முன் பந்தை எறியலாம். பார்க்க அதுதான் அழகு. ஆள் அந்தரத்தில் பறப்பார். பந்து வலைக்குள் பாயும். ஒரு பாதி 30 நிமிடம். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு மணி நேரம். அதற்குள் ஓர் அணி 25, 30 கோல் போட்டுவிடும்.

இனி நாட்டுக்கு வருவோம். உலகப் படத்தில் இங்கிலாந்துக்கும் மேலே, வடமேற்கில், கடல் நடுவே ஒரு தீவு இருக்கிறது. அதுதான் ஐஸ்லாந்து. பரப்பளவில் நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது. ஆனால் ஜனம்? 2008இல் மொத்தமே சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம் பேர். கிழவர், குழந்தை எல்லோரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. நம் தாராவியில் இருக்கிற ஜனம்கூட அந்த நாட்டில் இல்லை!

அங்கே நெருப்பு மலைகள் உண்டு, பனிப்பாறைகள் உண்டு. மார்கழி மாதத்தில் தலைநகரம் ரெய்க்யவிக்கில் சூரியன் நாளுக்கு நான்கு மணி நேரம்தான் தெரியும். மீதி நேரமெல்லாம் இருட்டும் குளிரும்தான். அந்தக் காலத்தில் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்? கூரை போட்ட கூடத்துக்குள்தான் விளையாட முடியும். அதற்கு ஏற்ற ஆட்டம் ஹேண்ட்பால். அது டென்மார்க்கில் பிறந்த ஆட்டம். ஐஸ்லாந்து 1944வரை டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. ஆட்டமும் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது. இன்றைக்கு ஊருக்கு ஊர் சங்கம் உண்டு, விளையாட்டுக் கூடம் உண்டு, பயிற்சி கொடுக்க ஆள் உண்டு. தேசிய அணியை அந்த ஜனங்கள் ஐஸ்லாந்து அணி என்று சொல்வதில்லை. 'நம்ம பையன்கள்' என்றுதான் சொல்வார்கள்.

அவர்களுடைய பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு இனிஷியல் இருப்பதுபோல அவர்களுக்கும் அப்பா பெயர்தான். குடும்பப் பெயர் என்பது அநேகமாகக் கிடையாது. சிகுர்ட் என்பவருடைய மகன் சிகுர்ட்சன். மகளாக இருந்தால் அப்பா பெயரோடு 'தோத்திர்' என்று சேரும். ஒரே வீட்டில் அண்ணன் பெயரும் தங்கை பெயரும் வேறு வேறாக முடியும். மும்பையில் படிவம் நிரப்பும்போது 'சர்நேம்' என்ன என்று கேட்டு நம்மை எவ்வளவு அலைக்கழிக்கிறார்கள்! ஐஸ்லாந்துக்காரருக்கும் வெளிநாட்டில் அதே தொல்லைதான் என்று நினைக்கிறேன்.

இந்த அணி 1958இல் முதல் தடவையாக உலகச் சாம்பியன் போட்டியில் ஆடியது. 1961இல் ஆறாவது இடம். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடினார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆறாவது இடம். 1992இல் நடந்ததைக் கேளுங்கள். பார்சலோனா ஒலிம்பிக்குக்கு ஐஸ்லாந்துக்கு இடமே கிடைக்கவில்லை. யூகோஸ்லாவியா அணிக்குத் தடை வந்ததால் கடைசி நேரத்தில் இவர்களைக் கூப்பிட்டார்கள். பந்தியில் ஒரு இலை காலியானதால் உட்கார வைத்த மாதிரி. அப்படிப் போனவர்கள் நான்காவது இடம் வரை வந்துவிட்டார்கள். வெண்கலப் பதக்கம் பிரான்சுக்குப் போயிற்று. 1995இல் உலகச் சாம்பியன் போட்டியைத் தங்கள் நாட்டிலேயே நடத்தினார்கள். அதில் சரியாக ஆடவில்லை. 1997இல் ஜப்பானில் ஐந்தாவது இடம். 2002இல் ஐரோப்பியப் போட்டியில் நான்காவது இடம். நான்கு, ஐந்து, ஆறு என்று வருகிறதே தவிரப் பதக்கம் வரவில்லை.

இப்போது 2008க்கு வருவோம். அந்த வருடம் ஜனவரியில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஐஸ்லாந்துக்கு 11ஆவது இடம். பயிற்சியாளர் விலகினார். குட்முண்டூர் குட்முண்ட்சன் என்பவர் பொறுப்பு ஏற்றார். ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் சுவீடனை வென்று பெய்ஜிங்குக்குப் போனார்கள். சுவீடன் லேசான அணி அல்ல. பலமுறை உலகச் சாம்பியனாக இருந்த அணி அது.

பெய்ஜிங் ஒலிம்பிக் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அபினவ் பிந்த்ரா துப்பாக்கி சுடுவதில் தங்கம் வாங்கினாரே, அதே ஒலிம்பிக்தான். அங்கே ஐஸ்லாந்து முதல் ஆட்டத்தில் ரஷ்யாவை 33க்கு 31 என்று வென்றது. அடுத்து ஜெர்மனி. ஜெர்மனி அப்போது உலகச் சாம்பியன். அதையும் 33க்கு 29 என்று வென்றார்கள். தென்கொரியாவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். டென்மார்க் அப்போது ஐரோப்பியச் சாம்பியன். அதனோடு 32க்கு 32, சமம். எகிப்தோடும் 32க்கு 32, சமம். கால் இறுதியில் போலந்தை 32க்கு 30 என்று வென்றார்கள். அரை இறுதியில் ஸ்பெயின். ஸ்பெயின் 2005இல் உலகச் சாம்பியன். அந்த அணியை 36க்கு 30 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அணித் தலைவர் ஓலாஃபூர் ஸ்டெஃபான்சன். இடது கைக்காரர். கோல் போடுவதிலும் கெட்டிக்காரர், மற்றவர்களைப் போட வைப்பதிலும் கெட்டிக்காரர். இடது ஓரத்தில் குட்யோன் வாலூர் சிகுர்ட்சன். பந்து எதிரியிடமிருந்து கை மாறுவதற்குள் இவர் மறு கோலுக்குப் பாதி தூரம் ஓடியிருப்பார். நாட்டுக்காக 1,800 கோலுக்கு மேல் போட்டவர் அவர். அலெக்சாண்டர் பீட்டர்சன் என்று ஒருவர். அவர் பிறந்தது ஐஸ்லாந்தில் இல்லை, லாத்வியாவில். பிழைக்க வந்த ஊரே தன் ஊர் என்று ஆடினார். நாம் எல்லோரும் பிழைக்க வந்தவர்கள்தானே, அதனால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். கோலில் நின்றவர் பியோர்க்வின் பால் குஸ்தாவ்சன். வயது 23தான்.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 24ஆம் தேதி. ஐஸ்லாந்தில் அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. எதிரே பிரான்ஸ். ஆறு கோடிப் பேருக்கு மேல் உள்ள நாடு. 28க்கு 23 என்று பிரான்ஸ் ஜெயித்தது. ஐஸ்லாந்துக்கு வெள்ளி.

அந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் அதற்கு முன் மூன்றே பதக்கம்தான். 1956இல் மும்முறைத் தாண்டலில் ஒரு வெள்ளி, 1984இல் ஜூடோவில் ஒரு வெண்கலம், 2000இல் கோலூன்றித் தாண்டும் பெண் ஒருவர் வாங்கிய வெண்கலம். எல்லாம் தனி ஆள் வாங்கியவை. அணியாகச் சேர்ந்து வாங்கியது இது ஒன்றுதான். பெய்ஜிங்கிலிருந்து திரும்பிய நாளில் ரெய்க்யவிக் தெருவில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். மூன்று லட்சத்தில் பல்லாயிரம்! ஆட்டக்காரர்களுக்கு நாட்டின் உயர்ந்த விருதையும் கொடுத்தார்கள்.

அப்போது நடந்த இன்னொரு சமாச்சாரம் எனக்குப் பதக்கத்தைவிடப் பிடிக்கும். அந்த நாட்டின் அப்போதைய ஜனாதிபதியின் மனைவி டோரிட் முசாயெஃப். ஜெருசலேமில் பிறந்தவர். ஐஸ்லாந்து மொழியைப் பெரியவரான பிறகு கற்றுக்கொண்டவர். அது கஷ்டமான மொழி. பெய்ஜிங்கில் வெற்றி மகிழ்ச்சியில் டி.வி.க்காரரிடம், ஐஸ்லாந்துதான் உலகத்திலேயே மிகப் பெரிய நாடு என்று அந்த மொழியிலேயே சொன்னார். 'மிகப் பெரிய' என்ற சொல்லில் இலக்கணப் பிழை. ஒரு குழந்தை 'வந்தான்' என்பதற்கு 'வாந்தான்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அது போன்ற பிழை. யாரும் அவரைக் கேலி செய்து ஒதுக்கவில்லை. அந்தப் பிழையோடே அந்த வார்த்தையை நாடு முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற அக்காமார்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. அதே வருடம் அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரு வாரத்துக்குள் விழுந்தன. பலருடைய சேமிப்பு போயிற்று, வேலை போயிற்று, வீட்டுக் கடன் ஏறியது. ஜனங்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவில் போராடினார்கள். ஆனால் பிள்ளைகள் கூடத்துக்குப் போவது நிற்கவில்லை. 2010இல் ஆஸ்திரியாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் போலந்தை 29க்கு 26 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கைச் சொன்னால் மனசு வலிக்கும். முதல் சுற்றில் ஐந்து ஆட்டம், ஐந்திலும் வெற்றி. பிரான்சையும் 30க்கு 29 என்று வென்றார்கள். கால் இறுதியில் ஹங்கேரி. நேரம் முடிந்தபோது சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள், அப்போதும் சமம். இன்னொரு கூடுதல் நேரம். கடைசியில் ஹங்கேரி 34, ஐஸ்லாந்து 33. ஒரே ஒரு கோல். ஐஸ்லாந்திடம் தோற்ற பிரான்ஸ்தான் அந்த வருடம் தங்கம் வாங்கியது. விளையாட்டில் இதற்கு நியாயம் கேட்க முடியாது.

அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு மேல் பதக்கம் இல்லை. 2016, 2020, 2024 மூன்று ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை. நடுவில் 2022இல் ஐரோப்பியப் போட்டியில் கொரோனா வந்து அணியில் பலர் அறைக்குள் முடங்கினார்கள். மீதி இருந்தவர்கள் போய் ஒலிம்பிக் சாம்பியன் பிரான்சை 29க்கு 21 என்று அடித்தார்கள். அந்தப் போட்டியில் எல்லோரையும்விட அதிக கோல் போட்டவர் ஐஸ்லாந்தின் ஓமர் இங்கி மாக்னுசன். ஆனாலும் அணிக்குக் கிடைத்தது ஆறாவது இடம்தான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். 2016 ஒலிம்பிக்கில் ஐஸ்லாந்து இல்லை என்றேன். தங்கம் வாங்கியது டென்மார்க். அதன் பயிற்சியாளர் யார்? நம் குட்முண்டூர்! வெண்கலம் வாங்கியது ஜெர்மனி. அதன் பயிற்சியாளர் டாகுர் சிகுர்ட்சன், அவரும் ஐஸ்லாந்துக்காரர். 2024 பாரிஸில் வெள்ளி வாங்கிய ஜெர்மனிக்குப் பயிற்சியாளர் ஆல்ஃபிரெட் கிஸ்லசன். 2008இல் ஐஸ்லாந்து அணியிலிருந்து விலகினார் என்றேனே, அவர்தான். அதே பாரிஸில் நார்வே பெண்கள் அணி தங்கம் வாங்கியது. அதற்குப் பயிற்சியாளர் தோரிர் ஹெர்கெய்ர்சன். அவரும் ஐஸ்லாந்தில் பிறந்தவரே. 2025 உலகச் சாம்பியன் போட்டியில் குரோஷியா வெள்ளி வாங்கியபோது அங்கேயும் டாகுர்தான். சில லட்சம் பேர் மட்டுமே உள்ள ஊர், ஐரோப்பா முழுக்க வாத்தியார்களை அனுப்புகிறது. சின்ன ஊரில் நல்ல ஆட்டக்காரருக்கு ஆட இடம் குறைவு. வெளியே போகிறார்கள், பெரிய சங்கங்களில் ஆடுகிறார்கள், அங்கே கற்றதைத் திரும்பக் கொண்டுவந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2008 அணியில் ஆடிய ஸ்நோரி ஸ்டைன் குட்யோன்சன் 2023இல் ஐஸ்லாந்துக்கே பயிற்சியாளர் ஆனார். 2008இல் 23 வயதில் கோல் காத்த பியோர்க்வின், 2024 ஐரோப்பியப் போட்டியிலும் கோலில் நின்றார்!

நம் இந்திய ஆண்கள் அணி இன்னும் ஒலிம்பிக் ஹேண்ட்பாலில் ஆடியதில்லை. இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது ஏன் முடியவில்லை என்று தம்பிகள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த வரையில், ஆள் பஞ்சம் இல்லை. கூடமும் வாத்தியாரும்தான் பஞ்சம்.

நான் சொன்ன கோல் கணக்கையெல்லாம் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். பெரிய எண் எது, சின்ன எண் எது, எத்தனை கோல் வித்தியாசம் என்று கழித்து நோட்டில் எழுதுங்கள். ஒரு பந்தும் கிடைத்திருக்கிறது, கொஞ்சம் காற்று இறங்குகிறது, பரவாயில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பின்சுவர் பக்கம் வாருங்கள். சாக்பீஸ் நான் கொண்டு வருகிறேன். அக்காமார்களும் வரலாம்.