தருணத்தில் உதவிய அறிவு



ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் குடுவைகளும் தடித்த ஏடுகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆராய்ச்சிக் கூடத்தில் பிறக்கும் அறிவுக்கும், உயிர் ஊசலாடத் தரையிற் கிடக்கும் ஏழைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அத்தூரத்தை ஒரு மருத்துவர் கடந்த வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

1971-ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வீடு வாசல் துறந்து இந்தியாவுக்குள் புகுந்தனர். நெருக்கடி மிகுந்த முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊராகிய பாங்கானில், மருத்துவமனையின் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர்.

காலராவில் மனிதனைக் கொல்வது யாது? உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே. அவற்றை ஊசி மூலம் இரத்தக் குழாயில் ஏற்றுவதே அந்நாளைய சிகிச்சை. பாங்கானிலோ ஊசி மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றப் பயிற்சி பெற்ற கைகளும் போதவில்லை.

அங்கே பொறுப்பேற்றிருந்தவர் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். சிறுகுடலில் சர்க்கரை உட்செல்லும்போது உப்பையும் உடனழைத்துச் செல்கிறது என்பதை 1960-இல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்திருந்தார். காலரா கண்டவர் குடலிலும் இவ்வழி அடைபடுவதில்லை. சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பருகச் செய்து நோயாளிகளைத் தேற்றலாம் என்று, 1968-இல் டாக்காவில் நலின், காஷ் ஆகிய மருத்துவர்கள் காட்டினர். ஆயினும், மருத்துவமனைக்கு வெளியே இதை நம்பிக் கொடுக்கலாகாது என்றே பலரும் எண்ணினர்.

மஹலனாபிஸ் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இவற்றைப் பொட்டலங்களாகக் கட்டி வரவழைத்து, பெரிய கலங்களில் நீரிற் கரைத்து வைத்தார். தாயும் தமக்கையுமே குவளையில் மொண்டு புகட்டினர். எஞ்சிய ஊசி மருந்து, பருகவும் இயலாதவர்க்கென ஒதுக்கப்பட்டது. நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்ட இடத்தில், இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

நண்பர்களே, இது சூதாட்டமன்று. அவருடைய துணிவுக்குச் சோதனையில் தேறிய உண்மை அடிப்படையாக நின்றது. அவ்வுண்மையைத் தம்மிடம் உள்ள பொருளுக்கும் ஆட்களுக்கும் ஏற்ப அவர் எளிதாக்கினார். எல்லாவற்றிற்கும் மேலாக, பிழைத்தவரையும் மாண்டவரையும் எண்ணிக் கணக்கு வைத்தார். அக்கணக்கு 1973-இல் ஆய்விதழில் வெளியாயிற்று. கணக்கு இல்லையேல், அது ஒரு முகாமின் கதையாகவே முடிந்திருக்கும். முகாமை நேரில் கண்ட உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் தீமன் பருவா, இம்முறைக்காக வாதாடினார். 1978-இல் அந்நிறுவனம் தொடங்கிய வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தில் இந்நீரே முதற்கருவியாயிற்று. இன்று சிற்றூர்ச் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தின் வரலாறு இதுவே.

மஹலனாபிஸ் 2022-இல் மறைந்தார்; மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் ஆட்சிப் பொறுப்பில் அமரலாம். நெருக்கடி வந்த பின்னர் ஏட்டைத் தேட நேரம் இராது. இன்றே கற்றுவையுங்கள். கற்றதைத் தக்க தருணத்தில் மக்களின் கையில் ஒப்படைக்கும் நெஞ்சுரத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள்.