கொரோனாவும் வயிறும்
(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எங்கள் காலத்தில் உயிரியல் ஆய்வுகூடச் சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று சுவாசத் தொகுதி, மற்றது சமிபாட்டுத் தொகுதி. இரண்டுக்கும் நடுவில் ஓர் அலுமாரி. பரீட்சையிலும் தனித்தனி வினாக்கள். மருத்துவ பீடம் போய், வைத்தியராகிப் பல வருடங்கள் சென்ற பின்பும் அந்த அலுமாரி என் தலைக்குள் இருந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2021 ஆவணி மாதம். நாடு முடங்கிக் கிடந்தது. நான் கொழும்பில் கடமையில் இருந்தேன். ஊரிலிருந்து பெரியம்மா அழைத்தார். அவரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். கதையைச் சொல்லலாம், பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

“பிள்ளை, ரண்டு நாளாய் வயித்தாலை போகுது. சாப்பாடும் மனமில்லை. முந்தநாள் வைச்ச மீன்குழம்பு பிழைச்சுப்போச்சு போலை.”

“காய்ச்சல் இருக்கோ? இருமல், மூச்சு இழுப்பு?”

“ஒண்டுமில்லை.”

“அப்ப கொரோனா இல்லை, பெரியம்மா. ஜீவனி கரைச்சுக் குடியுங்கோ” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வாட்டுக்கு ஓடினேன். குடித்தால் இன்னும் போகும் என்று பயந்து அவர் நாலு மிடறுக்கு மேல் குடிக்கவில்லை. ஆனால் பிறசர் குளிசையையும் நீர் போவதற்கான குளிசையையும் ஒரு நேரமும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் விடிய எழும்பிக் குளியலறைக்குப் போனவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது வழக்கமாகச் செய்யும் பரிசோதனையில்தான் கொவிட் என்று தெரிந்தது. இருமல் அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது.

மீன்குழம்பில் ஒரு பிழையும் இல்லை. நுரையீரலைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுத்தது என் பிழை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விடயமும் அல்ல. 2003 இல் சார்ஸ் பரவியபோது ஹொங்கொங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடித் தொகுதியில் 300 பேருக்கு மேல் தொற்றுக்குள்ளானார்கள். அவர்களில் 75 பேரைத் தொடர்ந்து கவனித்த பல்கலைக்கழகக் குழு, 55 பேருக்கு நீராக வயிற்றோட்டம் போனதைப் பதிவு செய்தது. நுரையீரல் நோய் என்று பெயர் வைத்த நோயில் நாலில் மூன்று பேருக்குக் கிட்ட வயிற்றோட்டம்! அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பேராசிரியர் மலிக் பீரிஸ். கண்டியில் பிறந்து பேராதனையில் மருத்துவம் படித்தவர். எம் நாட்டவர் எழுதியதை நான் படித்துத்தான் இருந்தேன். பெரியம்மா அழைத்த அன்று அது நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கட்டடத்தில் தொற்று எப்படிப் பரவியது என்பதும் சொல்லவேண்டிய கதை. வயிற்றோட்டத்துடன் வந்த ஒரு நோயாளி அங்கே உறவினர் வீட்டு மலசலகூடத்தைப் பாவித்திருக்கிறார். குளியலறைத் தரையில் நீர் வடியும் துவாரத்தின் கீழே வளைந்த குழாய் ஒன்று உண்டல்லவா? அதில் தேங்கும் நீர்தான் கழிவுக்குழாயின் காற்று மேலே வராமல் தடுக்கிறது. பல வீடுகளில் அந்த நீர் வற்றியிருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறி கழிவுக்குழாயிலிருந்த வைரசை உள்ளே இழுத்தது என்றே விசாரணையில் முடிவு செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கும் தங்கைமாரே, முதல் வேலையாக அந்தத் துவாரங்களில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கொரோனா இல்லாவிட்டாலும் மணமாவது போகும்.

சரி, சுவாச வைரசுக்குக் குடலில் என்ன வேலை? சார்ஸ் வைரசும் கொவிட் வைரசும் கலத்துக்குள் நுழைவதற்கு ஏசிஈ2 என்ற புரதத்தைப் பற்றிப்பிடிக்கின்றன. நுரையீரலில் அது உண்டு. ஆனால் சிறுகுடலின் சடைமுளைகளை மூடியிருக்கும் கலங்களில் அதைவிட நிறைய உண்டு. அங்கே அதன் உண்மையான வேலைகளில் ஒன்று, நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களை உறிஞ்ச உதவுவது. 2020 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆய்வுகூடத்தில் வளர்த்த சிறுகுடல் இழையத்துக்குள் கொவிட் வைரசு நுழைந்து பெருகுவதைக் காட்டினார்கள்.

கொவிட்டின் முதல் மாதங்களில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குச் சமிபாட்டுத் தொகுதியில் ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. பசியின்மை, ஓங்காளம், சத்தி, வயிற்றோட்டம், வயிற்றுவலி. பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் மலத்தில் வைரசின் மரபுப்பொருள் காணப்பட்டது. தொண்டையில் இல்லாமற்போன பின்பும் சிலரின் மலத்தில் அது தொடர்ந்து காணப்பட்டது. இதைக் கேட்டு யாரும் பயப்படவேண்டாம். அது பெரும்பாலும் உடைந்த துண்டுகளே. தொற்றக்கூடிய வைரசை மலத்திலிருந்து பிரித்தெடுத்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. கொவிட் முக்கியமாக மூச்சுக்காற்றால்தான் பரவுகிறது. மலசலகூடம் போனபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. விடுதி மேற்பார்வையாளர் அம்மா எங்களுக்கு அதை வேண்டிய அளவு சொல்லித் தந்தார்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த வயிற்றோட்டம் சில நாட்களில் தானாக நிற்கும். ஆபத்து வயோதிபருக்கும் கைக்குழந்தைக்கும்தான், அதுவும் நீர் இழப்பால். ஒரு பைக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரையுங்கள். கொஞ்சத் தூளைக் கொஞ்சத் தண்ணீரில் போடுவது பிழை. சத்தி இருந்தால் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கஞ்சியும் கொடுக்கலாம். பட்டினி போடாதீர்கள். பாமசியில் கேட்டு அன்ரிபயோட்டிக் வாங்காதீர்கள். அது வைரசைத் தொடாது, வயிற்றோட்டத்தைக் கூட்டவும் கூடும். பிறசர், நீரிழிவு, நீர் போவதற்கான குளிசைகள் எடுப்பவருக்கு வயிற்றோட்டம் என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் குளிசைப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். சிலவற்றை ஓரிரு நாள் நிறுத்தவேண்டி வரும். சிலவற்றை நிறுத்தவே கூடாது. அதனால் நீங்களாகவே முடிவெடுக்க வேண்டாம். சிறுநீர் குறைந்தால், எழும்பும்போது தலை சுற்றினால், மலத்தில் இரத்தம் கண்டால், ஆள் தடுமாறிக் கதைத்தால் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

தொலைதூரத்தில் இருந்துகொண்டு அம்மாவையும் அப்பாவையும் தொலைபேசியில் பார்த்துக்கொள்பவர்கள் எங்களில் எத்தனையோ பேர். “வயிறு சரியில்லை” என்று அவர்கள் சொன்னால், என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு நிற்காதீர்கள். எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாக எப்போது சலம் போனது, தேத்தண்ணி மணக்கிறதா, வீட்டுக்கு வந்துபோன யாருக்காவது தடிமனா என்றும் கேளுங்கள்.

பெரியம்மா இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். கிழமைக்கு ஒரு தடவை அழைப்பார். நான் “எப்படி?” என்று கேட்குமுன்பே, “சலம் போனது, தேத்தண்ணி மணக்குது, பக்கத்து வீட்டிலையும் ஒருத்தருக்கும் தடிமன் இல்லை, இனி நீ உன்ரை கதையைச் சொல்லு” என்பார்.

செயலாளர் அக்கா மணிக்கூட்டைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் தேநீர் இடைவேளையில் கேளுங்கள்.